கல்வராயன் மலையின் ஈச்சம் பாய்

கல்வராயன் மலை என்றதும் இன்று நம்மில் பலருக்கு நினைவில் எழுவது சாராயம். 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் செய்தித்தாள்கள் அம்மலையை ஊறல் பானைகளின் இருப்பிடமாகவே காட்டி வந்தன. உயிர்களைக் குடித்த மெத்தனால் மலையில் விளைந்ததன்று, அது தொழிற்சாலைச் சரக்கு என்பதைப் பலர் கருதிப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலை குறித்து வழக்கெடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, குடும்ப அட்டை என்று கேள்விகள் எழுந்தன. நல்லதே. ஆயினும் ஒரு குடியினரை அவர்தம் குறைகளைக் கொண்டு மட்டுமே அறிந்து வைத்திருப்பது நமக்கு நிறைவு தரவில்லை. அவர்களுடைய கைகள் காலங்காலமாக என்ன செய்து வந்தன, அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எங்கே அறுந்தது என்று கேட்க விரும்புகிறோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது: ஈச்சம் ஓலையால் முடைந்த பாய்.

தமிழில் இத்தொழிலுக்குரிய வினைச்சொற்கள் பல. தறியில் நூலோட்டுவது நெய்தல். ஓலையையும் புல்லையும் தறியின்றி விரல்களாலேயே மேலும் கீழுமாகச் செலுத்துவது முடைதல். புரிகளை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிச் செல்வது பின்னுதல். நாரை உருட்டி முறுக்கேற்றுவது திரித்தல். கூரைமேல் பரப்பிக் கட்டுவது வேய்தல். இவற்றுள் நெய்தலுக்கு வரலாற்று ஏடுகள் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை என்றொரு வரி காணப்படுகிறது. தறி இருந்த வீட்டை அரசு எண்ணிக் கொண்டது. தறியில்லாமல் திண்ணையில் அமர்ந்து முடைந்தவளை எண்ணிப் பார்த்த ஏடு அரிது. ஆதலால் நாம் சொல்லப் போகும் வரலாற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும் குறிப்புகளிலிருந்தே கோத்தெடுக்க வேண்டியுள்ளது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் செல்லும் சாலை கோமுகி அணையைக் கடந்து மலையேறுகிறது. மேலே கரியாலூரும் வெள்ளிமலையும். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலை இன்று கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம். மலையின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு வாழ்வோர் தம்மை மலையாளிகள் என்பர். கேரளத்தாரோடு இப்பெயரைக் குழப்பிக் கொள்ளலாகாது. இவர்கள் தமிழ் பேசும் மலைக்குடிகள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 3,58,000 பேர், தமிழகப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவோர்.

அவர்கள் தம் தோற்றம் பற்றிச் சொல்லிவரும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் ஏழு தொகுதி நூலில் பதிவு செய்துள்ளார். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட வேளாளக் குடியினர், உடன்பிறந்தார் மூவர் வழியில் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அக்கதை. தென்னார்க்காட்டு மலையாளிகளைப் பற்றி இன்னொரு செய்தியும் அதில் உண்டு. அவர்கள் வருமுன் மலையில் வேடர்கள் வாழ்ந்தனராம். வந்தவர்கள் வேட ஆடவரைக் கொன்று அவர்தம் மனைவியரை மணந்தனராம். அதன் நினைவாகத் திருமணத்தின்போது வானை நோக்கித் துப்பாக்கி வெடிப்பது வழக்கமாயிருந்தது. அந்த வெடி, மாண்ட வேடக் கணவனைக் குறித்தது.

கொடிய கதைதான். ஆனால் நம் பொருளுக்கு இது மிக நெருக்கமானது. காஞ்சிச் சமவெளியிலிருந்து வந்த உழவனுக்கு நெல்லும் ஏரும் தெரிந்திருக்கும். எந்தச் சரிவில் எந்த ஈச்சு நீண்ட ஓலை தரும், எந்த மரத்தின் பட்டை நார் நீரில் இற்றுப் போகாது என்பது அவனுக்கு எவ்வாறு தெரியும்? கதையில் ஓர் அணுவளவு உண்மை இருப்பினும், அவ்வறிவு மலையில் முன்னரே வாழ்ந்த பெண்கள் வழியாகத்தான் புதிய வீடுகளுக்குள் நுழைந்திருக்க வேண்டும். குலப்பெயர் தந்தையிடமிருந்து வந்தது. ஓலை அறிவு தாயிடமிருந்து வந்தது. இது நம் ஊகமே. எனினும் வென்றவனின் வீட்டுத் தரையில் தோற்றவளின் பாய் விரிந்தது என்று எண்ணும்போது, குடும்பவழிக் கலை என்ற சொல்லுக்குள் எத்தனை துயரங்கள் மடிந்து கிடக்கின்றன என்று தோன்றாமலில்லை.

ஈச்சம் ஓலைக்குத் தமிழில் பழைமை உண்டு. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை, எயினரின் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டிருந்ததைச் சொல்லி, அதன் கூரையை முள்ளம்பன்றியின் முதுகோடு ஒப்பிடுகிறது. ஈச்சம் ஓலையின் கூர்முனையைக் கையால் தொட்டவர்கள் அவ்வுவமையின் நேர்மையை உடனே ஒப்புக்கொள்வர். கல்வராயனுக்கு வடக்கே செங்கம். அதனை ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். கிழக்கே திருக்கோவலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர், கபிலர் குன்று இருக்கும் இடம். ஆக, இம்மலையைச் சுற்றிலும் பாட்டுக்குக் குறைவில்லை.

பின்னர் நெடுங்காலம் கழித்து ஒரு வெள்ளையர் இவ்வோலையைக் கூர்ந்து நோக்கினார். சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் செடிகொடிகளை ஓவியங்களோடு தொகுத்தார். 1795-இல் அந்நூல் வெளிவரத் தொடங்கியது. சமவெளிக் குன்றுகளில் வளரும் சிறு ஈச்சு ஒன்றைப் பற்றி அதில் எழுதும்போது, அதன் இலைகளைப் படுக்கும் பாயாக முடைவதையும், ஓலைக்காம்பை மூன்று நான்காகப் பிளந்து கூடை செய்வதையும், பஞ்ச காலத்தில் தண்டின் உள்ளிருக்கும் மாவை ஏழைகள் உண்பதையும் குறித்து வைத்தார். ஒரே செடியின் மூன்று பயன்கள். நாம் அறிந்தவரை, இத்தொழிலைப் பற்றிய தெளிவான எழுத்துப் பதிவுகளுள் இது முந்தையது. இதை எழுதி வைக்க ஓர் அயலார் தேவைப்பட்டார் என்பதில் நமக்குச் சற்று வெட்கமும் உண்டு.

கல்வராயனில் வளர்வது சிற்றீச்சு. புல்வெளிச் சரிவுகளிலும் திறந்த காட்டிலும் புதராக நிற்கும். மழை ஓய்ந்த மார்கழியிலிருந்து மாசி வரை ஓலை அறுக்க ஏற்ற காலம். நடுக் குருத்தைத் தொடுவதில்லை. குருத்தை எடுத்தால் அடுத்த ஆண்டு புதர் மெலிந்துவிடும். முற்றிய வெளியோலை முறியும். குருத்துக்கு அடுத்து நிற்கும் இளம் ஓலைகளே பாய்க்கு உகந்தவை. காம்பின் அடியிலுள்ள இலைகள் முள்ளாக நீண்டிருக்கும். முதலில் அவற்றைக் கழித்துவிட வேண்டும். ஓலையை வெயிலில் பரப்பினால் பச்சை நீங்கி வெளிறும். காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் வெடிக்கும். ஆகவே இரவுப் பனியில் கிடத்தியோ நீர் தெளித்தோ அதற்குப் பதம் ஏற்றுவர். பதம் என்பது சொல்லில் அடங்காத ஒன்று. ஈரம் மிகுந்தால் பாய் காய்ந்தபின் இடைவெளி விழுந்து தளரும்; ஈரம் குறைந்தால் விரலிடையிலேயே ஓலை கீறும். இதற்கு அளவுகோல் கிடையாது. பாட்டி ஓர் ஓலையை எடுத்துக் காதருகே மடித்துப் பார்ப்பாள். பேத்தியும் அதையே செய்வாள்.

முடைவது மூலைவாட்டில். ஒரு மூலையில் சில ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துத் தொடங்கி, பக்கவாட்டில் புதிய ஓலைகளைச் செருகிக்கொண்டே செல்ல, பாய் அகன்று வரும். இவ்வாறு முடைந்த பாய் கோரைப் பாயைப் போல் மென்மையானதன்று. ஆனால் களத்தில் சாமையையும் வரகையும் காயவைக்க, தரையின் ஈரத்தைத் தடுக்க, மழைக்குத் தலையில் கவிழ்க்க அது போதும். விற்பதற்காக அன்று, வீட்டுக்காகவே முடைந்தனர். பெரும்பாலும் இது பெண்கள் வேலை.

ஆடவர் கைக்கு மூங்கில். முதலாண்டுக் கழை காய்ந்தால் சுருங்கும். மிக முற்றியது பிளக்கையில் ஒடியும். இரண்டு மூன்று ஆண்டுக் கழையே கூடைக்கு ஏற்றது. தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்பது வழிவழி நம்பிக்கை. கழையிலுள்ள மாப்பொருள் குறைந்த பருவத்தில் வெட்டினால் வண்டு துளைப்பது குறையும் என்று அறிவியலும் சொல்கிறது. நிலவுக்கும் அதற்கும் உள்ள உறவை நாம் வாதிடப் போவதில்லை. பிளந்த பத்தைகளால் கூடை, முறம், கோழி கவிழ்க்கும் பஞ்சாரம், வேலிப் படல் எல்லாம் உருவாயின. யாவற்றிலும் பெரியது தானியம் சேர்க்கும் தொம்பை. மூங்கில் பத்தைகளை ஆளுயரத்துக்கு வளைத்துப் பின்னி, உள்ளும் புறமும் மண்ணும் சாணமும் பூசுவார்கள். கொல்லிமலை வீடுகளிலும் இதே பெயர், இதே அமைப்பு.

கயிற்றுக்கு ஆத்திப் பட்டை. அதைவிட உறுதியானது மரல் நார். வாள்போல் நிமிர்ந்து நிற்கும் இச்செடியின் இலைகளைப் பலகைமேல் வைத்துச் சுரண்டினால் வெண்ணிற நார் கிட்டும். பண்டு வில்லுக்கு நாண் ஆனது இதுவே. இம்மரலுக்குத் தாவரவியலார் ராக்ஸ்பர்க்கின் பெயரையே இட்டுள்ளனர். பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ரயில் கற்றாழையும் மலைக் கயிற்றில் இடம்பெற்றது. 1850களில் கிரிமியப் போரால் இங்கிலாந்துக்கு ரஷ்யச் சணல் வருவது தடைப்படவே, இந்திய நார்களின்மேல் ஆட்சியாளரின் கண் விழுந்தது. ஜான் ஃபோர்ப்ஸ் ராய்ல் 1855-இல் இந்திய நார்ச்செடிகளைப் பற்றித் தனிநூலே எழுதினார். அதே ஆண்டு சென்னையில் பொருட்காட்சி நடைபெற்றது. மலைக்குடியின் மாட்டுக் கயிறு, பேரரசின் கப்பற் கயிறாகுமா என்ற கேள்வி எழுந்தது. போர் ஓய்ந்தது, கேள்வியும் ஓய்ந்தது. செடியைத் தேடி வந்தவர்கள் திரித்த கைகளைத் தேடவில்லை.

இனி அறுந்த கதைக்கு வருவோம். இன்றைய இளைஞருக்குப் பொறுமையில்லை, ஆகவே கலை அழிந்தது என்று சொல்லிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. கல்வராயனைப் பொறுத்தவரை அது உண்மையன்று என்பதே நம் துணிபு. முடையும் தொழில் ஒரு வீட்டில் தொடர மூன்று வேண்டும்: அறுக்க ஓலை, முடைந்ததற்கு ஒரு பயன், மூத்தவளும் இளையவளும் ஒருங்கே அமரும் பொழுது. அம்மலையின் அண்மை வரலாறு இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறித்தது.

முதலில் ஓலை. மலை நெடுங்காலம் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் எனும் மூன்று ஜாகீர்தாரர் வயமிருந்தது. விசயநகர வேந்தர் காலத்துக் கொடை என்பது வழிவழிச் செய்தி. ஜாகீர்தாரருக்குக் குடிகள் கூலியின்றி உழைத்தனர். நாடு விடுதலை பெற்றபின்னும் அம்முறை உடனே ஒழியவில்லை. 1963-இன் இனாம் ஒழிப்புச் சட்டத்தைத் தொடர்ந்து வழக்குகள் நடந்து, 1976-இல்தான் மலை அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அவ்வாண்டிலேயே. ஜாகீர்தாரர் போனார், வனத்துறை வந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தில் மூங்கிலும் மரமே, பனையினமும் மரமே, பிரம்பும் மரமே. ஆகவே ஈச்சம் ஓலை வனப்பொருள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி அதை அறுப்பது குற்றம். பாட்டி அறுத்த இடத்தில் பேத்தி அறுக்கப் போனால் அரிவாளைப் பறிகொடுத்துத் திரும்ப நேரலாம். செடியை எங்கே காண்பது, எப்போது அறுப்பது என்பதுதான் இக்கலையின் பாதி. காட்டுக்குள் உடன் அழைத்துச் செல்ல அஞ்சும் தாய், அப்பாதியை எவ்வாறு கற்பிப்பாள்?

நாடாளுமன்றம் 2006-இல் வன உரிமைச் சட்டம் இயற்றி, மூங்கில் உள்ளிட்ட சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் உடைமையாக்கவும் காட்டுவாழ் மக்களுக்கு உரிமை உண்டென்றது. தமிழகத்தில் 2008-இல் பிறந்த நீதிமன்றத் தடை, உரிமை ஆவணங்கள் வழங்குவதை 2016 வரை முடக்கி வைத்தது. எட்டு ஆண்டுகள். ஒரு குழந்தை பேசக் கற்று, பாய் முடையக் கற்கும் வயதை எட்டும் அளவு காலம் அது.

அடுத்துப் பயன். சாமையும் வரகும் விளைந்தவரை பாயும் தொம்பையும் தேவைப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்தில் அதனைச் செய்யும் ஆலைகள் தோன்றின. 1981-இல் அத்தொழிலுக்குக் கூட்டுறவு நிறுவனமும் அமைந்தது. ஆலைக்கு வேண்டியது மரவள்ளிக் கிழங்கு. மலைச்சரிவுகளில் மரவள்ளி ஏறியது, சாமை இறங்கியது. மரவள்ளிக்குக் களம் வேண்டாம், காயவைக்கப் பாய் வேண்டாம், சேர்த்து வைக்கத் தொம்பை வேண்டாம். பிடுங்கிய கிழங்கு சாக்கில் கட்டி லாரியில் ஏறிவிடும். வீட்டு அரிசி நியாயவிலைக் கடையிலிருந்து வரும். நெகிழிப் பாயும் நைலான் கயிறும் சந்தையில் மலிவாய்க் கிடைத்தது பின்னர் நேர்ந்தது. பாயைக் கொன்றது நெகிழி என்பார் உண்டு. நம் கணிப்பில், பாயின்மேல் உலர்த்தத் தானியமில்லாமற் போனதே முதல் அடி.

ஓலை மட்டும் இன்றும் மலையிறங்குகிறது, துடைப்பமாக. முடைதல் ஏதுமின்றிக் காம்புகளைச் சேர்த்துக் கட்டி, கட்டுக் கட்டாகச் சமவெளிக்கு வருகின்றது ஈச்சமாறு. நம் வீடுகளில் நாம் பெருக்குவதும், நம் கோவில் முற்றங்கள் பெருக்கப்படுவதும் பல வேளைகளில் இதனால்தான். கடையில் நாம் கொடுக்கும் விலையில் மலைப்பெண்ணுக்குச் சேர்வது சிறு பகுதியே. இடையில் நிற்போரை விலக்கவே மலைவாழ் மக்களின் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. அவை எங்கும் ஒரே திறத்தோடு இயங்குவதில்லை. துடைப்பத்தில் இன்னொரு கேடும் உண்டு. பாய்க்கு அறுப்பவள் தேர்ந்து அறுப்பாள். கட்டுக்கணக்கில் விற்பவள் நின்றதையெல்லாம் அறுக்கத் தூண்டப்படுவாள். அவள் குற்றமன்று அது, விலையின் குற்றம்.

சமவெளியில் ஈச்சங் கூடை முடைந்த குறவர் குடியினரை இங்கு ஒருவாறேனும் நினைவுகூர வேண்டும். 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் அவர்களுள் பல பிரிவினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது. ஊர்விட்டு ஊர் செல்வதே ஐயத்துக்குரியதாயிற்று. ஓலை இருக்குமிடம் தேடிச் செல்லாமல் கூடை முடைவது எங்ஙனம்? 1952-இல் அச்சட்டம் நாடெங்கும் நீங்கிற்று. பழிச்சொல் நீங்க இன்னும் நாளாகும் போலும்.

பெயர் பெற்ற முடைதல்களும் நம் நாட்டில் உண்டு. பத்தமடையின் கோரைப் பாய்க்கும், செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. மணப்பாட்டுக் கடற்கரையில் நம் கத்தோலிக்கக் குடும்பப் பெண்கள் பனையோலையில் செய்யும் பெட்டிகளைப் பலர் அறிவர். கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பமும் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. மலையடியில் மரம் செதுக்கியவனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மலைமேல் ஓலை முடைந்தவளுக்கு இல்லை. விற்பனைக்கென்று செய்யாத பொருளுக்குக் குறியீடு எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்விதான்.

குடும்பவழி முடைதல் அறுவதும் மீண்டும் முளைப்பதும் உலகில் வேறெங்கும் நிகழ்ந்ததுண்டா என்று தேடினால், ஆஸ்திரேலியாவின் ஆதிகுடிகள் நம் கண்முன் வருகின்றனர். தென் ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆறு கடலில் கலக்குமிடத்தில் வாழும் ஙாரின்ஜெரி மக்கள், ஒருவகைக் கோரையைக் கொத்தாகச் சேர்த்துச் சுருள் சுருளாகத் தைத்துக் கூடையும் பாயும் செய்வர். அக்கோரை நம் பத்தமடைக் கோரையின் இனமே. குழந்தை மோசேயை நைல் ஆற்றில் தாங்கிய பேழையின் நாணலும் அவ்வினத்தையே சேர்ந்தது. ஙாரின்ஜெரி நாட்டில் 1859-இல் மறைபணித்தளம் நிறுவப்பட்டது. கூடவே நிலம் குடியேறிகளின் கைக்குச் சென்றது. பழைய வாழ்வு சிதைந்தது. 1980களின் தொடக்கத்தில் இச்சுருள் தையலை நன்கறிந்தோர் மிகச் சிலரே. அவர்களுள் டோரி கார்ட்டினியெரி என்னும் மூதாட்டி ஒரு பயிலரங்கில் இளம் பெண்களுக்கு அதைக் கற்பித்தார். அங்கு கற்றவர்களுள் ஒருவர் யுவோன் கூல்மாட்ரி. விலாங்கு மீன் பிடிக்கும் கூடை போன்று, செய்வார் இன்றி மறைந்த வடிவங்களை அருங்காட்சியகப் பொருள்களைப் பார்த்து மீட்டெடுத்தார். 1997-இல் வெனிஸ் நகரின் பன்னாட்டுக் கலைக்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் கலந்துகொண்ட மூவருள் அவரும் ஒருவர்.

வடக்கே டேலி ஆற்றுப் பகுதியின் கதை நம்மவரைச் சற்று உறுத்தும். அங்கு 1886 முதல் 1899 வரை இயேசு சபையினரும், 1955 முதல் திரு இருதய மறைபரப்பாளரும் பணியாற்றினர். கல்வியும் மருத்துவமும் தந்தனர். அதே வேளையில் அக்கால வழக்கப்படி பிள்ளைகள் விடுதிகளில் வளர்ந்தனர், மூத்தோரின் மொழியும் தொழிலும் அவர்களிடமிருந்து விலகின. அப்பகுதியைச் சேர்ந்த ரெஜினா பிலாவுக் வில்சன் என்பவரின் மக்கள், கொடிநாரால் மீன்வலை பின்னுவதில் வல்லவர்கள். அப்பின்னலின் முடிச்சு அவருடைய தலைமுறைக்கு வந்து சேரவில்லை. கையால் பின்ன இயலாத அவ்வலையை அவர் தூரிகையால் கோடு கோடாக வரைந்தார். அவ்வலை ஓவியம் 2003-இல் அந்நாட்டு ஆதிகுடிக் கலைஞர்க்குரிய தேசியப் பரிசுகளில் ஓவியப் பரிசைப் பெற்றது. பார்ப்பவர்க்கு அழகிய ஓவியம். அவருக்கு அது இழந்த ஒன்றின் வரைபடம்.

மறைபணியாளர்கள் அறுத்தவர்கள் மட்டுமல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிரெட்டா மேத்யூஸ் எனும் மெதடிஸ்ட் பணியாளர், தெற்கே முர்ரே ஆற்றுப் பகுதியில் தாம் அறிந்த சுருள் தையலை 1920களில் வடகோடியிலுள்ள கோல்பர்ன் தீவின் பெண்களுக்குக் கற்பித்தார். இன்று அர்னம் நிலப்பகுதியின் கூடைகளில் அத்தையல் இரண்டறக் கலந்துவிட்டது. எகிப்தியப் பாலைவனத் துறவியர் ஓலை பின்னிக்கொண்டே செபித்த மரபில் வந்த நமக்கு, பின்னும் கை அந்நியமானதன்று. குருத்தோலை ஞாயிறன்று நம் வீட்டுப் பெரியவர்கள் குருத்தை மடித்துச் சிலுவை பின்னித் தருகிறார்கள். அம்மடிப்பை நாம் எந்த நூலிலும் படித்ததில்லை.

இனி மூன்றாவதாகச் சொன்ன பொழுதுக்கு வருவோம். கல்வராயன் மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் நடைபெறுகின்றன. சமவெளியின் விடுதிகளில் தங்கிப் படிக்கும் மலைப் பிள்ளைகளும் உண்டு. நம் துறவற சபைகள் நடத்தும் விடுதிகளும் அவற்றுள் அடங்கும். பெற்றோர் பலர் ஆண்டில் சில மாதங்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் காப்பி, மிளகுத் தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஜாகீர்தாரருக்குக் கூலியின்றி உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவே முதல் விடுதலை. அப்பள்ளியின் கைத்தொழில் வகுப்புக்கு ஒரு பாட்டியை ஊதியம் கொடுத்து அழைப்பதற்கு எது தடை என்பதே நாம் கேட்பது. ஆசிரியச் சான்றிதழ் அவளிடம் இராது. ஓலையைக் காதருகே மடித்துப் பதம் அறிவாள்.

வன உரிமைச் சட்டத்தின்கீழ், சிறு வனப்பொருளுக்கான சமூக உரிமை கோரும் விண்ணப்பத்தைக் கிராம சபையே ஏற்று முதல் தீர்மானம் செய்யலாம். எந்தச் சரிவில் யார் எப்போது ஓலை அறுப்பது, குருத்தை விட்டு வைப்பது எவ்வாறு என்பனவற்றையும் அச்சபையே வகுத்துக்கொள்ள இடமுண்டு. மலை ஊர்களில் பணிபுரியும் நம் அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் இவ்விண்ணப்பத்தை எழுதித் தர உதவினால் அது சிறு உதவியன்று. எழுதுவதற்கு மூத்த பெண்களிடம் அமர்ந்து கேட்டாக வேண்டும். செடியின் பெயர், சரிவின் பெயர், அறுக்கும் மாதம் எல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும்.

பள்ளி நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் மலைக்குத் திரும்பும்போது ஓலைக் காலம் முடிந்திருக்கும். அறுக்கும் காலத்துக்குள் வருவன கிறிஸ்து பிறப்பு விடுமுறையும் தைப் பொங்கல் விடுமுறையுமே. இரண்டும் சேர்ந்தாலும் நாள்கள் சிலவே. ஒரு முழுப் பாய் முடைய அவை போதா. ஓலை அறுத்து, உலர்த்தி, பதம் பார்த்து, சிறுபிள்ளை அமரும் தடுக்கு ஒன்றை முடைந்து முடிக்கப் போதும்.